ஒரு பாட்டில் குளுக்கோஸ்

மாரிச்செல்வி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, அது சரிந்துவிடாமல் இருக்க ஓர் அரைச் செங்கலை முட்டுக் கொடுத்தாள். பசுவந்தனையில் அந்த வீட்டைப் பொறுத்தவரை சிக்னல் மாடியில்தான் கிடைக்கும், அதுவும் கிழக்குப் பக்கம் நின்றால்தான். கீழே உள் அறையில் அவள் அப்பா செத்துக்கொண்டிருந்தார். மேலே அவள், சாகப்போகிறவர்களுக்கு ஏன் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது என்று மாவட்டத்து நர்ஸுகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமைதோறும் மதியம் இந்த வகுப்பு. வேலைக்குச் சேர்ந்து பல வருஷமான நர்ஸுகள் மறுபடியும் மாணவிகளாகி, போன் திரையின் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்து, நோய் முற்றியவர்களை வலியில்லாமல் வழியனுப்புவது எப்படி என்று படிப்பார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் பாடம் எடுக்க வேண்டும். இந்த வாரம் மாரிச்செல்வியின் முறை. கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் வலி தணிப்புப் பிரிவில் இருக்கிறாள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. இந்தத் தலைப்பை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அப்பா இவ்வளவு சீக்கிரம் பேச்சு மூச்சில்லாமல் படுத்துவிடுவார் என்று அப்போது தெரியாது.

வகுப்பை நடத்துகிற உமாதேவி காலையிலேயே போன் செய்து, "வேண்டாம் சிஸ்டர், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். "இல்ல மேடம், எடுத்துருதேன்" என்று இவள்தான் பிடிவாதமாகச் சொன்னாள். கீழே அவள் வெறும் மகள். மேலே கொஞ்ச நேரமாவது நர்ஸாக இருக்கலாம். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

"கடைசி நாள்கள்ல உடம்பு தண்ணி கேக்காது" என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். "நாம பாட்டில் பாட்டிலா ஏத்துனா அது எங்க போகும்? கால்ல வீங்கும், நெஞ்சுல சேரும், மூச்சு கொறகொறன்னு இழுக்கும். வாய் காயாம இருக்க ஈரம் போதும். ஈரப் பஞ்சால உதட்டத் தொட்டுக் குடுங்க. வீட்டுக்காரங்க குளுக்கோஸ் ஏத்துங்கன்னு சொல்லும்போது, அவங்க உண்மையில கேக்கது குளுக்கோஸ் இல்ல. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்துருக்க முடியல, கைக்கு ஒரு வேலை கேக்காங்க. அந்தப் பஞ்ச அவங்க கையில குடுத்துருங்க."

பேசப் பேச அவளுக்கே நன்றாக இருந்தது. கட்டங்களுக்குள் தலைகள் ஆடின. குளத்தூர்ப் பக்கம் வேலை பார்க்கிற சத்யபிரியா, சேர்ந்து ரொம்ப நாளாகாதவள், கையைத் தூக்கினாள்.

"எல்லாம் சொல்லியும் அவங்க கேக்கலன்னா என்ன சிஸ்டர் செய்ய? போன மாசம் ஒரு வீட்டுல என்னைய விடவே இல்ல. எனக்கு மனசே இல்ல, ஆனா ஏத்திட்டுத்தான் வந்தேன்."

"ஏத்தியிருக்கக் கூடாது" என்றாள் மாரிச்செல்வி. குரல் தானாகவே கொஞ்சம் கறாராகிவிட்டது. "வீட்டுக்காரங்க சமாதானத்துக்காக நோயாளியக் குத்தக் கூடாது சிஸ்டர். மறுபடியும் உக்காந்து பேசணும். அவங்க கண்ணுக்கு நேரா உக்காந்து, என்ன பயம்னு கேக்கணும். நாம விட்டுக் குடுத்துட்டா அப்புறம் இந்தப் படிப்பு எதுக்கு?"

சத்யபிரியாவின் முகம் அந்தக் கட்டத்துக்குள்ளேயே சுருங்கியது. "சரிங்க சிஸ்டர்" என்றாள்.

"ஏட்டி செல்வி!" என்று மாடிப்படிக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. "நீ கீழ வாரியா, இல்ல நான் மேல வரவா?"

போனுக்கும் அது கேட்டது. யாரோ சிரித்துவிட்டு அவசரமாக மைக்கை அணைத்தார்கள்.

சத்தம் போட்டது அத்தை இசக்கியம்மாள், அப்பாவின் தங்கை. இதே ஊரில் வாக்கப்பட்டு, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அண்ணன் படுத்த நாளிலிருந்து இங்கேயே சோறு பொங்கிக்கொண்டு கிடப்பவள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாரிச்செல்வி வகுப்பை உமாதேவியிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தபோது அத்தை கட்டில் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். கட்டிலில் சிவனாண்டி மல்லாந்து கிடந்தார். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் மிளகாயும் போட்டு இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிய மனுஷர், இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. வயிற்றில் கட்டி. மதுரையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்றிலிருந்து தண்ணீரும் இறங்கவில்லை. வலிக்கான மாத்திரையை மாரிச்செல்வி கரைத்துக் கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் சுளிப்பு இல்லை. அது போதும் என்று அவளுக்கு இருந்தது. அது போதாது என்று மற்ற எல்லோருக்கும் இருந்தது.

"நாக்கு எப்படிக் காஞ்சு கெடக்கு பாத்தியா?" என்றாள் அத்தை. "கண்ட கண்ட வீட்டுலயெல்லாம் சாகக் கெடக்கவனுக்குப் பாட்டில் தொங்குது. நம்ம வீட்டுல நர்ஸம்மாவே இருக்கா, ஒண்ணையும் காணோம். ஊரெல்லாம் போயி ஊசி போடுதா, பெத்த அப்பனத் தண்ணி இல்லாமச் சாக விட்டுட்டான்னு பேசுவாளுவ. பேசுவாளுவ என்ன, பேச ஆரம்பிச்சாச்சு."

மாரிச்செல்வி பாடத்தில் சொன்னபடியே செய்தாள். அத்தையின் கையைப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, தானும் கண்ணுக்கு நேராகக் குந்தினாள்.

"அத்த, ஒங்களுக்கு என்ன பயமா இருக்கு?"

"எனக்கென்ன பயம்? ஒன்னைய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

மாரிச்செல்வி தளரவில்லை. உடம்பு தண்ணீரைத் தாங்காது, ஏற்றினால் மூச்சுதான் முட்டும் என்று மாடியில் சொன்னதையெல்லாம் இங்கே ஒரு தடவை சொன்னாள். பிறகு கிண்ணத்தில் நனைத்து வைத்திருந்த பஞ்சை எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். "இதால உதட்ட நனைச்சுக் குடுங்க. அது போதும். நீங்களே குடுங்க."

அத்தை கையிலிருந்ததைப் பார்த்தாள். தேளைப் போல உதறினாள்.

"பஞ்சா? உசுரு இருக்கும்போதே எங்கண்ணனுக்குப் பஞ்சு வைக்கச் சொல்லுதியா? மூக்குல வைக்கதுக்கு முன்னாடி வாயில வைக்கணுமோ? எந்தப் பள்ளிக்கூடத்துலட்டி இதச் சொல்லிக் குடுத்தாவ?"

மாரிச்செல்வி கீழே விழுந்த பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். இத்தனை வீடுகளில் பஞ்சைக் கொடுத்திருக்கிறாள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நர்ஸம்மாவுக்கு எதிரே ஒன்றும் சொல்ல மாட்டாமல் நின்றவர்களின் முகங்கள் இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. பருத்தி விளைகிற ஊரில் பிறந்தவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி மாரிராஜ் உள்ளே வந்தான். கோவில்பட்டியில் நூல் மில்லில் வேலை, லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கையில் மஞ்சள் பை. பைக்குள் குளுக்கோஸ் பாட்டிலும் ட்யூபும் ஊசியும்.

"அக்கா, நீ ஏத்துதியா, இல்ல சுடலைக்கண்ணு அண்ணாச்சியக் கூப்பிடவா? கடைய அடைச்சுட்டு வாரேன்னு சொல்லிருக்காவ."

சுடலைக்கண்ணு பஸ் நிறுத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறவர். கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டில் ஏற்றுவார். நல்ல மனுஷர்தான். ஆனால் நரம்பு கிடைக்காவிட்டால் கிடைக்கிறவரை குத்திக்கொண்டே இருப்பார்.

"ஏலே, அப்பா குத்த வேண்டாம்னு சொல்லிருக்காவடே."

"நோயாளி ஆயிரம் சொல்லுவாவ" என்றான் அவன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு எல்லாரும் எங்கிட்டதான கேப்பாவ. ஆம்பளப் பிள்ள நீ இருந்து என்ன செஞ்சன்னு. நான் என்ன சொல்ல?"

மாரிச்செல்வி அப்பாவின் கைகளைப் பார்த்தாள். முழங்கை மடிப்பிலிருந்து புறங்கை வரை ஊதாவும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கன்றிப்போயிருந்தது. மதுரையிலிருந்து காரில் திரும்பி வந்த அன்றைக்கு, இரண்டு கைகளையும் மடியில் நீட்டி வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அவற்றையே பார்த்தபடி வந்தார். கோவில்பட்டி தாண்டிக் கரிசல் காடு வந்ததும், "இனிமே என்னையக் குத்த விடாத தாயி" என்றார். "விட மாட்டேம்பா" என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவர் அவளிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

"யாரையும் கூப்பிட வேண்டாம்" என்றாள். "நானே ஏத்துதேன். ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் பாட்டிலை மாட்டினாள். ட்யூபைச் செருகி, சொட்டு இறங்காதபடி அடைப்பை இறுக்கினாள். ஊசியைப் பிரிக்கவே இல்லை. அப்படியே பைக்குள் போட்டாள். ட்யூபின் நுனியை மடித்து அப்பாவின் புறங்கையில் கிடத்தி, அதன் மேல் பிளாஸ்திரியைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, போதாதென்று துணிக்கட்டும் சுற்றினாள். பார்க்க எடுப்பாக இருந்தது. இவ்வளவு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை.

சிவனாண்டி கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"குத்தலப்பா" என்று அவர் காதருகே குனிந்து சொன்னாள். "சும்மா ஒட்டிருக்கு."

கேட்டதோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மாரிராஜ் பாட்டிலைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். சுடலைக்கண்ணுக்கு வர வேண்டாம் என்று போன் செய்யப் போய்விட்டான். அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாரிச்செல்வி அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, வெந்நீரில் அலசி, நனைத்துக் கொடுத்தாள். அத்தை வாங்கிக்கொண்டாள். துணி பட்டதும் சிவனாண்டியின் உதடு அதைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே" என்றாள் இசக்கியம்மாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. துணியை நனைப்பதும் உதட்டில் வைப்பதுமாக இருந்தாள். இடையில் ஒருமுறை பாலில் நனைத்தாள். மாரிச்செல்வி பார்த்தும் பார்க்காதவள் போல இருந்துவிட்டாள். வெயில் சாய்ந்த நேரத்தில் அத்தை அண்ணனின் இன்னொரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கன்றிப்போன திட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பாட்டிலைப் பார்த்தாள். அதற்குக் கீழே சொட்டு விழ வேண்டிய சின்னக் குப்பியைப் பார்த்தாள். அவளும் புருஷனை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவள்தான்.

மாரிச்செல்வி கட்டில் பக்கம் ஓரடி வைத்தாள்.

அத்தை எழுந்தாள். கொடியில் கிடந்த அண்ணனின் குற்றாலத் துண்டை எடுத்து, பாட்டிலும் குப்பியும் மறைகிற மாதிரி ஆணியில் தொங்கவிட்டாள்.

"சன்னல் வெயிலு அதுமேல படுது" என்றாள் யாரிடம் என்றில்லாமல். மறுபடியும் உட்கார்ந்து துணியை நனைத்தாள்.

சன்னல் கிழக்குப் பார்த்தது.

மறுநாள் காலை, பால்காரர் மணியடித்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், மூச்சு விட்டு விட்டு வந்தது. மாரிச்செல்வி தம்பியைக் கூப்பிட்டாள். அவன் அப்பாவின் கால்மாட்டில் நின்றான். கொறகொறப்பு இல்லை, திணறல் இல்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

மாரிராஜ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். மாரிச்செல்வி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள், வழக்கப்படி. நர்ஸாகச் செய்ய வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த விரலை அங்கேயே வைத்திருந்தாள். ஊர் வந்து சேருவதற்குள் கையிலிருக்கும் அந்தத் துணிக்கட்டை அவிழ்க்க வேண்டும். தம்பி பக்கத்தில் நிற்கிறான்.

அவன்தான் முதலில் கையை நீட்டினான். "இத எடுத்துருவோமாக்கா? பாவம், கை வலிச்சுருக்கும்."

"ஏலே, நீ போ" என்றாள் அத்தை. பழைய குரல் திரும்பியிருந்தது. "பந்தலுக்கும் குளிர்பெட்டிக்கும் சொல்லு. சொந்தக்காரவியளுக்கு யாரு போன் போடுவா? செல்வி, நீ போயி முன்னறைய ஒதுங்க வையி. அவியளக் கெடத்தணும்லா. இங்கன நான் பாத்துக்கிடுதேன்."

மாரிச்செல்வி தயங்கினாள். அத்தை அவள் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

முன்னறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அத்தை கட்டை அவிழ்த்து முடித்திருந்தாள். பிளாஸ்திரியைக் கிழிக்காமல், நகத்தால் நெருடி நெருடி எடுத்தாள். அடியில் புதிதாக ஒரு புள்ளியும் இல்லாத தோலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியை உருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கையை அண்ணனின் நெஞ்சின் மேல் எடுத்து வைத்தாள். அதற்குள் தெருவிலிருந்து பெண்கள் ஓலமிட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். மாரிச்செல்வி அந்தக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. சிவனாண்டி முன்னறையில் குளிர்பெட்டிக்குள் கிடந்தார். வெளியே தப்பும் சங்கும். ஆண்கள் உடலைக் குளிப்பாட்டும் தண்ணீருக்காக நீர்மாலை எடுக்கக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், மாரிராஜ் குடத்தோடு முன்னால் நடந்தான். பெண்கள் கொஞ்ச நேரம் மாரடிப்பதும், கொஞ்ச நேரம் பேசுவதுமாக இருந்தார்கள். மேலத் தெரு கற்பகம் மூக்கைச் சிந்திவிட்டு, எல்லோரும் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏன் செல்வி, கடைசியில குளுக்கோஸ் கிளுக்கோஸ் எதுவும் ஏத்துனியளா?"

மாரிச்செல்வி வாயைத் திறந்தாள். தம்பிக்காக ஆமாம் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சொல் நாக்கில் வர மறுத்தது.

"ஏத்தாம?" என்றாள் இசக்கியம்மாள், தலைமாட்டிலிருந்து. "எம் மருமவ நர்ஸு. அவ ஏத்தாம வேற எவ ஏத்துவா? ஒரு பாட்டில் முழுசா, கடைசிச் சொட்டு வரைக்கும் ஏறுச்சு. அந்தா தொங்குது பாரு, கண்ணு இருந்தாப் பாரு."

கற்பகம் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மாரிச்செல்வியும் பார்த்தாள். உள் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆணியில் துண்டு இல்லை. பாட்டில் ஒட்டிச் சப்பிப்போய், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், ட்யூபைச் சுற்றிக்கொண்டு தொங்கியது.

"மகராசன், வயிறு குளுந்துதான் போயிருக்காவ" என்றாள் கற்பகம். பெண்கள் மறுபடியும் அழத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் வாசலில் ஒரு மாலையோடு நர்ஸுகள் வந்து நின்றார்கள். உமாதேவியும், அவளுக்குப் பின்னால் சத்யபிரியாவும். குளத்தூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். மாலையை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, மாரிச்செல்வியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உமாதேவி அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள். சத்யபிரியாவின் கண், வேலைப் பழக்கம், முதலில் உள் அறைக்குத்தான் போனது. ஆணியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். நேற்று மதியம் தன்னை அத்தனை பேருக்கு முன்னால் கண்டித்துப் பேசியவளைத் திரும்பிப் பார்த்தாள்.

மாரிச்செல்விக்கு அந்தப் பார்வை புரிந்தது. ஒரு வாக்கியம் போதும். அதை நான் ஏற்றவில்லை, எங்கப்பாவை யாரும் குத்தவில்லை என்று. இந்த இரண்டு பேருக்காவது தெரிய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் கற்பகம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைமாட்டில் அத்தை, பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

சத்யபிரியா மெதுவாக அவள் கையைப் பிடித்தாள். கேலி இல்லை, உண்மையான இரக்கம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

"பரவால்ல சிஸ்டர்" என்றாள் கிசுகிசுப்பாக. "நம்ம வீடுன்னு வந்துட்டா வேற மாதிரிதான."

மாரிச்செல்வி அவளைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவப் பின்பக்கம் போனாள். கோடைக்குப் பின் இன்னும் மழை இறங்காத மண் பிளந்து கிடந்தது. கறிவேப்பிலை மரத்தடியில் மட்டும் ஓரிடம், ஒரு முறம் அகலத்துக்கு, கன்னங்கரேலென்று ஈரமாக இருந்தது. சுவரோரத்திலிருந்து எறும்புகள் சாரி சாரியாக அந்த இனிப்பைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போய்த் தொட்டியில் தண்ணீர் மொண்டாள்.